துளசிராமின் இடது கை

துளசிராமுக்கு இரண்டு கைகள் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆவணி மாதத்தில், திருநகரில் ஒரு கௌரவமான குடும்பம் இதை நம்ப மறுத்தது. வலது கை இருப்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. அந்தக் கையால்தான் அவர் அவர்கள் வீட்டில் நாலு பஜ்ஜி சாப்பிட்டிருந்தார். இடதுதான் சிக்கல்.

அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயசு. அவனியாபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லேத் பட்டறைக்கும் டிங்கர் பட்டறைக்கும் நடுவில், கேம் கடை வைத்திருந்தார். மற்ற கடைகளில் புதுப் புது கேம்கள் வந்துகொண்டிருந்த காலம். துளசிராம் கடையில் ஓடியதெல்லாம் பதினைந்து வருஷத்துக்கு முந்தினது. கேசட்டைச் சொருகினால் பீரங்கி சுடும், குட்டி விமானம் குண்டு போடும், ஒரு குள்ள ஆள் பள்ளத்தைத் தாண்டுவான். விளையாட வந்தவர்கள் ஷேர் ஆட்டோ டிரைவர்கள். சின்ன வயசில் அடுத்தவன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தவர்கள், இப்போது தொப்பையும் காக்கிச் சட்டையுமாக வந்து, ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவே அந்தப் பழியைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேம் பழசு என்றால் திரையும் பழசாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டுபிடித்த சட்டம். புதிதாக வந்த தட்டை மானிட்டர் ஒன்றைத் துளசிராம் ஒரு தடவை வாங்கி வைத்துப் பார்த்தார். டிரைவர்களில் தலைவன் மாதிரி இருந்த ராஜபாண்டி பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டான்.

"அண்ணே, நான் அமுக்குறது ஒரு நேரம், இவன் குதிக்கிறது ஒரு நேரம். பள்ளத்துல விழுந்தப்புறம் குதிச்சு என்ன புண்ணியம்? கெவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு. பழைய டப்பாவையே கொண்டாங்க."

பழைய டப்பாக்கள் வில்லாபுரம் காயலாங்கடையில் குவிந்து கிடந்தன. ஆபீஸ்கள் எல்லாம் தட்டைத் திரைக்கு மாறிய சமயம்; கண்ணாடிக் குழாய் வைத்த பெரிய மானிட்டர்களைத் தெருவில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துளசிராம் அவற்றில் தேறுகிறதைப் பொறுக்கி, பின்பக்கம் திறந்து, தூசி தட்டி, செத்த பாகத்தை மாற்றி, ஒரு டிவி டியூனர் பெட்டி வழியாகக் கேமைப் பிணைத்துவிடுவார். கடையில் ஆறு மானிட்டர்கள். ஒன்று ஏதோ லாட்ஜ் வரவேற்பு மேஜையில் ஆறு வருஷம் அணையாமல் எரிந்தது. அறை எண்கள் கண்ணாடியிலேயே படிந்துபோயிருந்தன. "இருநூத்தி நாலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான்டா, சுடு" என்று விமான ஆட்டத்தில் கத்துவார்கள்.

இம்புட்டும் செய்த துளசிராம் அந்த மானிட்டர்களைக் கண்டு செத்துச் செத்துப் பிழைத்தவர் என்பதுதான் இந்தக் கதை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், தொழிலுக்கு வந்த புதிதில், கரண்ட் பிடுங்கி அரை நாள் ஆன ஒரு மானிட்டரைத் திறந்து, ஒரு கையால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உள்ளே இருந்த சிவப்பு ஒயரைத் தொட்டார். கண் விழித்தபோது எதிர்ச்சுவர் ஓரம் கிடந்தார். வாயில் செம்புக்காசைச் சப்பிய ருசி. பிறகுதான் தெரிந்தது: பிக்சர் டியூப் என்பது கரண்ட்டைக் குடித்துவிட்டு உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும் சாதி. பிளக்கைப் பிடுங்கினாலும், சிவப்பு ஒயர் போய்ச் சேருகிற ரப்பர் மூடிக்குக் கீழே அது காத்திருக்கும். ஓடுகிற கரண்ட்டுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். துளசிராம் அணைந்த கரண்ட்டுக்குப் பயந்தார்.

தபால் வழியில் படித்த டிவி மெக்கானிக் பாடத்தில் ஒரு விதி இருந்தது. டியூப் பக்கம் போகும்போது ஒரு கைதான் வேலை செய்யணும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கணும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகும். வழியில் இதயத்தை என்ன செய்யும் என்று பாடத்தில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் துளசிராமை அதிகம் மிரட்டியது.

அன்று முதுகுக்குப் பின்னால் போன இடது கை, திரும்பி வரவே இல்லை. முதலில் மானிட்டர் திறக்கும்போது மட்டும் போனது. பிறகு மானிட்டர் இருக்கிற அறைக்குள் நுழைந்தாலே போனது. பிறகு ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் சுவிட்ச். ஒற்றைக் கையால் சட்டை பட்டன் போடுவார், ஒற்றைக் கையால் கேசட் மாற்றுவார். மானிட்டரை ஒற்றைக் கையால் தூக்க முடியாது. அதனால் தூக்குகிற வேலை முழுக்க ராஜபாண்டிக்கு. கூலி, அரை மணி நேர விளையாட்டு. புதிதாக வந்த மானிட்டர் மூணு நாள் மூலையில் கிடக்கும், யாரும் தொடக்கூடாது.

"என்னண்ணே, வயசுக்கு வந்த பிள்ளையை உக்கார வச்ச மாதிரி வச்சிருக்கீங்க? தண்ணி ஊத்துறது என்னைக்கு?" என்பான் ராஜபாண்டி.

"தண்ணிங்கிற பேச்சே இங்க வரக்கூடாது" என்று துளசிராம் நிஜமாகவே நடுங்குவார்.

வேறு தொழில் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். பார்த்தார். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நாலு நாள் நின்றார். சேலையை ஒற்றைக் கையால் மடிக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்து வரன் தட்டிப்போன பிறகு வந்த பதினோராவது வரன் ஹம்சவேணி. திருநகர். முப்பது வயசு. ஒரு தனியார் ஆபீஸில் டைப்பிங் வேலை. அப்பா ஸ்ரீனிவாஸ், பெரிய ஜவுளிக்கடையில் மேனேஜராக இருந்து ஓய்ந்தவர். மரியாதை விஷயத்தில் அங்குலம் அளக்கிறவர். இரண்டு குடும்பமும் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள்; அவர்கள் பேசிக்கொண்டதை இங்கே தமிழில் போட்டிருக்கிறது. துளசிராமின் அம்மா ரங்கநாயகி புறப்படும்போதே சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. இதையும் கெடுத்தா, உன் டப்பாக்களிலேயே ஒண்ணைப் பார்த்துத் தாலி கட்டிக்கோ."

பெண் வீட்டு ஹாலில், துளசிராமை உட்கார வைத்த சோபாவுக்குப் பக்கத்தில், அரை அடி தூரத்தில், ஒரு பதினைந்து அங்குல மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதுகு அவர் பக்கம். பின்மூடியில் விரிசல்.

இடது கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்ச் சட்டைக்குள் ஒளிந்தது. நெற்றியில் வேர்வை. ஹம்சவேணி பஜ்ஜித் தட்டோடு வந்தாள். அந்த நேரம் பார்த்து மானிட்டரில் படம் துள்ள ஆரம்பித்தது. அவள் நின்று, தட்டை ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் அதன் மண்டையில் 'ணங்' என்று ஒன்று வைத்தாள். படம் நின்றது. துளசிராமுக்கு மூச்சு நின்றது. பயந்தது பாதி, மீதிப் பாதி எதனால் என்று அவருக்கே பிறகுதான் விளங்கியது. இவள்தான் வேண்டும்.

பேச்செல்லாம் முடிந்து, ஸ்ரீனிவாஸ் எழுந்து, வெற்றிலை பாக்கு, பழம், எலுமிச்சை வைத்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கையால் நீட்டினால் இரண்டு கையால் வாங்க வேண்டும். இது பாடத்தில் இல்லை, பாலோடு ஊட்டுவது. துளசிராம் இடது கையைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது வரவில்லை. தாம்பாளம் பித்தளை. பக்கத்தில் மானிட்டர். ஸ்ரீனிவாஸின் முழங்கை அதில் உரசிக்கொண்டிருந்தது. கரண்ட் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று மனசு படம் போட்டுக் காட்டியது.

வலது கையால் மட்டும் வாங்கினார். தட்டு சாய்ந்து, எலுமிச்சம்பழம் உருண்டு சோபாவுக்கடியில் போனது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

விடைபெறும்போது அதைவிட மோசம். எல்லாரும் கைகூப்பினார்கள். துளசிராம் ஒற்றைக் கையை உயர்த்தி, வார்டு கவுன்சிலருக்கு நிற்கிறவர் மாதிரி ஆட்டிவிட்டு வந்தார்.

ரெண்டு வாரம் தகவல் இல்லை. அப்புறம் தரகர் மூலம் ஒரு கேள்வி மட்டும் வந்தது: மாப்பிள்ளைக்கு இடது கையில் விரல் எத்தனை?

ரங்கநாயகி கொதித்துவிட்டாள். "பத்து மாசம் சுமந்து, பத்து விரலும் எண்ணித்தான்யா பெத்தேன்! வந்து எண்ணிப் பார்க்கச் சொல்லு!" தரகர் அதை அப்படியே போய்ச் சொல்லிவிட்டார்.

எண்ண வந்தது ஹம்சவேணி.

செவ்வாய்க்கிழமை. அந்த வருஷம் ஏரியாவுக்கு ஏரியா முறை வைத்துக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அவனியாபுரத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. கடையில் ஆறு மானிட்டரும் இருட்டாக உட்கார்ந்திருந்தன. டிரைவர்கள் இரண்டு பேர் பெஞ்சில் சாய்ந்து கரண்ட் வரக் காத்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ராஜபாண்டியின் ஆட்டோ வாசலில் நின்றது. இறங்கியது ஹம்சவேணி. மார்போடு அணைத்தபடி, அன்றைக்குச் சோபா பக்கத்தில் இருந்த அதே மானிட்டர்.

"அக்கா, குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன்" என்று பின்னாலேயே ஓடி வந்தான் ராஜபாண்டி.

"வேண்டாம்ணே. அவர் கையிலதான் குடுக்கணும்." படியில் ஏறி நின்றாள். துளசிராமைப் பார்த்தாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்ததையும் பார்த்தாள். "வீட்டுல தட்டை மானிட்டர் வாங்கிட்டோம். இது உங்களுக்கு உதவும்னு கொண்டாந்தேன். பிடிங்க."

"எப்ப... எப்ப அணைச்சீங்க?"

"இப்பத்தான். கிளம்புறப்போ."

துளசிராமின் கண் அவள் முகத்தில் இல்லை. ஆட்டோ குலுங்கியதில் பின்மூடியின் விரிசல் பெரிசாகி, மேல்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் அவளுடைய வலது கையின் நாலு விரல்களும் போய்ப் பிடித்திருந்தன. இடது கை அடியில், தகரத்தில். விரல் நுனிக்கும் ரப்பர் மூடிக்கும் நடுவில் ஒரு நெல்மணி இடம்.

பாடத்தில் போட்டிருந்த படம் அப்படியே உயிரோடு வந்து வாசல்படியில் நின்றது. ஒரு கை அங்கே, ஒரு கை இங்கே. நடுவில் ஹம்சவேணி.

"அசையாதீங்க" என்றார். "விரலை அசைக்காதீங்க. கீழ வைக்காதீங்க. குனியாதீங்க."

"வாங்கிக்க மாட்டீங்களா?" அவள் குரலில் கசப்பு. "கையைக் காட்ட இம்புட்டு பயமா? இல்லேன்னா இல்லைனு சொல்லிட்டுப் போங்க. எனக்குக் கனக்குது."

"உங்க விரலுக்குப் பக்கத்துல சாவு இருக்கு" என்றார் துளசிராம்.

இப்படி ஒரு வாக்கியத்தை அவர் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஹம்சவேணி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகம் அப்படிச் சாம்பல் பூக்காது. அவளுக்கும் புரிந்தது, புரிந்த உடனே கை நடுங்க ஆரம்பித்தது. நெல்மணி இடம் பாதி நெல்மணி ஆனது.

"நான்... என்ன செய்ய?"

"அண்ணே, நான் பிடிக்கவா?" என்றான் ராஜபாண்டி.

"நீ தொட்டா ரெண்டு பேரும் போயிருவீங்க. தள்ளிப் போ!"

தள்ளிப் போனவன் நேராக ரோட்டுக்கே போய்விட்டான்.

துளசிராம் படியில் இறங்கினார். வலது கையை மானிட்டருக்கு அடியில் கொடுத்துக் கனத்தை வாங்கினார். பிறகு இடது கை. ஏழு வருஷமாகப் பின்னால் இருந்த கை, வெளிச்சத்துக்குக் கூசியது மாதிரி மெதுவாக முன்னால் வந்தது. ரோட்டிலிருந்து ராஜபாண்டி, "அடேய், இருக்குடா!" என்றது எல்லாருக்கும் கேட்டது. அந்தக் கையை அவர் ஓட்டைக்குள் நுழைத்தார்; அவளுடைய விரல்களுக்கும் ரப்பர் மூடிக்கும் நடுவே, புறங்கையால் மூடியை மறைத்துக்கொண்டு. இப்போது நெல்மணி இடம் அவருடையது.

"எடுங்க. மெதுவா. நேரா மேல."

அவள் விரல்கள் வெளியே வந்தன. இரண்டடி பின்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துளசிராம் நின்றார். அடியில் தகரத்தில் வலது கை, உள்ளே மூடியருகில் இடது கை. குனிந்தால் கை நகரும். நகர்ந்தால் நெஞ்சு. கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பெருமாள் பேராக இருக்கலாம், தபால் பாடமாகவும் இருக்கலாம். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. தெருவில் போன பஸ்கூட ஹாரன் அடிக்கவில்லை. கட்டை விரலிலிருந்து வேர்வை சொட்டியது, தண்ணீர். அதையும் அவர் உணர்ந்தார்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது.

பழைய மானிட்டருக்கு உயிர் வரும்போது ஒரு சத்தம் போடும். பெரிய அண்டாவைக் குப்புறப் போட்டு ஒரு முறை தட்டியது மாதிரி. கடையில் இருந்த ஆறும் ஒரே நொடியில் அந்தச் சத்தத்தைப் போட்டன.

ட்டொய்ங்ங்!

தான் செத்துவிட்டதாகத் துளசிராம் முடிவு செய்துகொண்டார். செத்தவர் மானிட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. விட்டார். அது படியில் விழுந்தது. அவருடைய இடது கைச் சுண்டு விரல் அதற்கும் படிக்கும் நடுவில் இருந்தது. டியூப் கழுத்து ஒடிந்து, 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டு அடங்கியது.

அதற்குள் கரண்ட் இருந்ததா இல்லையா என்பது இன்றைக்கும் தீரவில்லை. விழும்போது நீலமாக ஒரு பொறி பறந்ததாக ராஜபாண்டி பெத்தவ மேல் சத்தியம் செய்கிறான்; அவன் நின்றது ரோட்டுக்கு அந்தப் பக்கம். பொறியே இல்லை என்கிறாள் ஹம்சவேணி. ஆனால் அவள் அப்போது விரல் எண்ணிக்கொண்டிருந்தாள். துளசிராம் கண்ணையே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சுண்டு விரலுக்கு மரப்பட்டை வைத்து, மணிக்கட்டு வரை பெரிதாகக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் ஸ்ரீனிவாஸ் நேரிலேயே வந்தார். கட்டைப் பார்த்தார். சந்தேகம் இரட்டிப்பானது.

"இதுக்குள்ள விரல் இருக்கா?" என்று தரகர் காதில் கேட்டார். எல்லாருக்கும் கேட்டது.

"அஞ்சு இருக்குப்பா. நான் எண்ணிட்டேன்" என்றாள் ஹம்சவேணி. "அதுல ஒண்ணு எனக்காக ஒடிஞ்சது. நிச்சயத்துக்கு நாள் பாருங்க."

புரட்டாசி பிறந்தால் ஒரு மாசம் தள்ளிப்போகும் என்பதால் ஆவணிக்குள்ளேயே நாள் பார்த்தார்கள். ஜோசியர் மூணு நேரம் குறித்துக் கொடுத்தார். துளசிராம் வேறொரு பஞ்சாங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்: பேப்பரில் வந்த மின்வெட்டு நேர அட்டவணை. திருநகருக்குக் காலை எட்டிலிருந்து பத்து. "எட்டே முக்காலே நல்ல நேரம்" என்றார். மாப்பிள்ளைக்கு சாஸ்திரத்தில் இவ்வளவு பிடிப்பா என்று ஸ்ரீனிவாஸ் அசந்துபோனார்.

அந்த நாளும் வந்தது. எட்டு மணிக்குச் சொன்னபடி கரண்ட் போனது. திருநகர் மண்டபத்தில் ஃபேன் நின்றது, சீரியல் பல்பு அணைந்தது. ஜனங்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். வேர்வையில் குளித்தபடி, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, துளசிராம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட இடது கை மடியில், எல்லாரும் பார்க்கிற மாதிரி.

ஸ்ரீனிவாஸ் தாம்பாளத்தைத் தூக்கினார். துளசிராம் இரண்டு கையையும் நீட்டினார்.

கொல்லைப்புறத்தில் 'டுபுடுபுடுபு' என்று ஒரு சத்தம். மண்டபத்துக்காரர் பெருமையாக உள்ளே எட்டிப் பார்த்தார். "ஜெனரேட்டர் போட்டாச்சு சார்! நம்ம மண்டபத்துல கரண்ட் போறதே கிடையாது!"

தலைக்கு மேல் சீரியல் பல்புகள் துடித்துத் துடித்து எரிந்தன. வீடியோக்காரரின் பெரிய லைட் பளீரென்று முகத்தில் அடித்தது. அதன் ஒயர், டேப் சுற்றிய இடத்தில் பிளந்து, யாரோ சொம்பைத் தட்டிவிட்ட ஈரத்தின் ஓரமாக, துளசிராம் உட்கார்ந்திருந்த மனைப்பலகையைத் தொட்டுக்கொண்டு போனது. ஸ்ரீனிவாஸின் இரண்டு கையிலும் பித்தளைத் தாம்பாளம். அரை அடி தூரத்தில் துளசிராமின் இரண்டு கைகள்.

இடது கை பின்னால் போகப் பார்த்தது. ரங்கநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். துளசிராம் ஒயரைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், கூட்டத்துக்கு நடுவே நின்ற ஹம்சவேணியைப் பார்த்தார். அவளும் ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கினார். இரண்டு கையாலும். உடம்பு முழுக்க உதறியது. தாம்பாளம் கடகடவென்று ஆடியது. தேங்காய் பழத்தோடு மோதியது, எலுமிச்சை சுற்றிச் சுற்றி வந்தது. ஆனாலும் ஒன்றும் கீழே விழவில்லை.

ஸ்ரீனிவாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "பார்த்தீங்களா? பெரியவங்க முன்னால கை எப்படி நடுங்குது. இந்தக் காலத்துல யாருக்குங்க இம்புட்டு மரியாதை இருக்கு?" என்றார்.

அந்த நிச்சயதார்த்த ஆல்பம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. தட்டு மாற்றிய போட்டோவில் துளசிராமின் இரண்டு கையும் நடுக்கத்தில் கலங்கலாக விழுந்திருக்கின்றன. விரல் எண்ண முடியாது. ஓரத்தில் ஹம்சவேணி, சிரித்த முகமாக, காலை ஈரத்துக்கு ஓரடி தள்ளி வைத்து நிற்கிறாள். அவள் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.